குழந்தைகளின் பேச்சுப் பயிற்சிக்கு ஒலிப்பதிவு மென்பொருள்

குழந்தைகள் தெளிவாகப் பேசவும் கவனமாகக் கேட்கவும் பழகுவதற்கு, ஆடாசிட்டி போன்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளோ கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் ரெக்கார்டரோ போதுமானது. முதல் பதிவைக் கேட்டதும் பல குழந்தைகள் "இது என் குரலே இல்லை" என்று கூச்சப்படுவார்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்புகளின் அதிர்வு வழியாகவும் செவியை அடைகிறது என்பதையும், பதிவில் அந்த அதிர்வு இல்லாததால்தான் குரல் வேறாக ஒலிக்கிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பதிவு அரை நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. 'கலை, களை, கழை' போன்ற சொற்கள் வரும் இரண்டு மூன்று வாக்கியங்களைப் பெரியவர் ஒருவர் முதலில் வாசித்துப் பதிவுசெய்ய, அதைக் கேட்ட குழந்தை அடுத்த டிராக்கில் தன் குரலைப் பதிவுசெய்யட்டும். இரண்டையும் மாறி மாறி ஒலிக்கவிட்டால், லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் குழந்தை பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். அதுவரை திருத்தம் சொல்லாமல் பொறுத்திருப்பதுதான், உண்மையில், பெரியவர்களுக்குக் கடினமான பகுதி. சொற்கள் விரைந்து ஓடுவதாகத் தோன்றினால், ஆடாசிட்டியின் 'சேஞ்ச் டெம்போ' வசதியைக் கொண்டு சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம்.

மைக்கை வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்தால், பகரம் வரும் இடங்களில் காற்று மோதும் இரைச்சல் குறையும். முதல் பதிவை மட்டும் தேதியிட்டுச் சேமித்து வையுங்கள். சில மாதங்களுக்குப் பின் அதே வாக்கியங்களை மீண்டும் பதிவுசெய்து, குழந்தையோடு அமர்ந்து ஒப்பிட்டுக் கேட்கலாம்.