கேரம் போர்டில் ஒரு வெள்ளணு: பிடித்து, விட்டு, நகர்வதைச் செய்து பார்ப்போம்

காசிமேட்டில் வலை பிரிக்கும்போது கெளுத்தி முள் குத்தினால் விரல் வீங்கும். கிருமி புகுந்துவிட்டால் சீழும் கட்டும். அந்தச் சீழில் பெரும்பகுதி நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள்தான். சற்றுமுன் வரை அவை ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தவை. ஓடுகிற ஓட்டத்தில், சரியாக இந்த விரலில் எப்படி நின்றன? எப்படி இறங்கின?

தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்விக்குக் கரும்பலகையில் படம் போட்டால் போதவில்லை. அதனால் செய்து காட்டத் தொடங்கினேன். வீட்டில் நீங்களும் செய்யலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

கேரம் போர்டும் காய்களும் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். இரண்டு டென்னிஸ் பந்து: ஒன்று புதியது, ஒன்று தெரு கிரிக்கெட்டில் ரோமம் தேய்ந்து மொழுக்கென்று ஆனது. தையல் சாமான் கடையில் வெல்க்ரோ ஒரு மீட்டர், சொரசொரப்பான பக்கம் மட்டும் போதும். மெத்தை ஸ்பாஞ்சு ஒரு துண்டு, பிளாஸ்டிக் வளையல் ஒன்று, ஊசி நூல், சார்ட் பேப்பர்.

படி 1: ஓடுகிறவனை உருள வைப்பது

சார்ட் பேப்பரை போர்டின் மேல் விரித்து, அதன்மேல் வெல்க்ரோவைத் துண்டு துண்டாக, நாலு விரல் இடைவெளியில் ஒட்டுங்கள். போர்டில் நேரடியாக ஒட்டினால் பாலிஷ் போய்விடும். ஒரு பக்கம் புத்தகங்களை அடுக்கிச் சாய்த்துப் புதிய பந்தை மேலிருந்து விடுங்கள். ஒட்டி நின்றுவிட்டால் சாய்வைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் பந்து நிற்காது, வேகமாக ஓடவும் செய்யாது. பிடிபட்டு, விடுபட்டு, தத்தித் தத்தி உருளும். அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்கும் வரை பொறுமையாக இருங்கள். முழுப் பாடமும் அங்கேதான் இருக்கிறது.

புண்ணுக்கு அருகில் ரத்தக்குழாயின் உள்சுவர் செலக்டின் என்ற புரதங்களை வெளியே நீட்டும். அதுதான் உங்கள் வெல்க்ரோ. வெள்ளணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள்தான் பந்தின் ரோமம். இந்தப் பிடி ஒரு நொடிகூட நிற்காமல் அவிழும். அவிழ்வதற்குள் அடுத்தது மாட்டும். வெல்க்ரோ காட்ட முடியாத ஒன்றும் உண்டு. செலக்டின் பிடியை ஓரளவு வரை இழுத்தால் அது இன்னும் இறுகும், படகுக் கயிற்றின் முடிச்சைப் போல. 2003-ல் இதை ஒற்றை மூலக்கூறு அளவிலேயே இழுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். ரத்தம் ஓடுவதால்தான் அந்தப் பிடி நிலைக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இப்போது தேய்ந்த பந்தை விடுங்கள். தடையில்லாமல் கீழே போய்விடும். பிறவியிலேயே அந்தச் சர்க்கரை சரியாக அமையாத குழந்தைகள் மிக அரிதாக இருக்கிறார்கள். அவர்களுடைய வெள்ளணுக்களும் இப்படித்தான் புண்ணைத் தாண்டி ஓடிவிடும்.

படி 2: நிறுத்துவது

உருளும் பந்தை வெல்க்ரோ மேல் உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிடும். அந்த அழுத்தம்தான் கீமோகைன் என்ற சிறு புரதம் தரும் சைகை. அது கிடைத்ததும் வெள்ளணுவின் மேல் மடங்கிக் கிடக்கும், சுவரைப் பிடிக்கும் இன்டக்ரின் என்ற புரதங்கள் நிமிர்ந்து நிற்கும். டாலின் என்ற புரதம் உள்ளிருந்து அவற்றின் வாலைப் பற்றும். சில நொடிகளுக்குள் அணு சுவரில் உறைந்து நிற்கும்.

இந்த இன்டக்ரினில் பீட்டா-2 என்ற பகுதி பிறவியிலேயே இல்லாத குழந்தைக்கு ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும். ஆனால் புண்ணில் சீழ் வைக்காது. தொப்புள்கொடி விழ மூன்று வாரத்துக்கு மேலும் ஆகலாம், கொடி விழ வெள்ளணுக்களும் அங்கே வந்து சேர வேண்டும் என்பதால். கொடி விழும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள், தெரியாமலே ஒரு பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

படி 3: கால் ஊன்றுவது

குழாயைத் தாண்டித் திசுவுக்குள் வந்த பிறகு மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் அணு போன்ற வேறு வகை வெள்ளணுக்கள் அடியில் சின்னச் சின்னப் பாதங்களை ஊன்றும். போடோசோம் என்று பெயர். கிரேக்கத்தில் ‘போடோஸ்’ என்றால் பாதத்தினுடைய என்று பொருள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலம், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வளையலை ஸ்பாஞ்சின் மேல் வைத்து, சுற்றிலும் ஆறு இடத்தில் ஊசியால் தைத்துக் கட்டுங்கள். தையல்தான் இன்டக்ரின். வளையல், வின்குலின் என்ற புரதமும் டாலினும் சேர்ந்த வளையம். ஒரு கையால் வளையலை லேசாக மேலே இழுத்தபடி, மறு கை விரலால் நடுவில் குத்துங்கள். விரல் ஆழமாக இறங்கும். அந்த விரல்தான் ஆக்டின் என்ற புரத இழைகளாலான நடுத்தண்டு. வளையம் மேலே இழுக்க, தண்டு கீழே தள்ள, அணு தன் அடியிலுள்ள தரை கெட்டியா மிருதுவா என்று துழாவுகிறது. தேவைப்பட்டால் நொதிகளை விட்டு அதை அரிக்கவும் செய்கிறது.

தையலைப் பிரித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். வளையல் கையோடு வந்துவிடும். அடுத்து, தையல் இருக்கட்டும், விரல் மட்டும் வேண்டாம். குழியே விழாது. விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ளவர்களின் மேக்ரோஃபேஜ்கள் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருக்கின்றன. ஆக்டின் தண்டை முளைக்க வைக்கும் வாஸ்ப் புரதம் கெட்டுவிட்டதால் அவற்றில் போடோசோமே உருவாவதில்லை.

படி 4: எடுத்து வைப்பது

இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: “சார், இவ்ளோ கஷ்டப்பட்டுப் புடிச்சுட்டு, அப்புறம் எதுக்கு சார் விடணும்?”

வெல்க்ரோவை எடுத்துவிட்டு, போர்டின் ஒரு ஓரத்தில் நூலால் உள்ளங்கை அளவு வட்டம் போடச் சொன்னேன். அதுதான் அணுவின் எல்லை. அதற்குள் பத்துக் காய்கள், அவை போடோசோம்கள். காயை நகர்த்தக் கூடாது என்பது மட்டும்தான் விதி, ஏனென்றால் ஊன்றிய போடோசோம் வழுக்கிக்கொண்டு முன்னே போவதில்லை. பின்வரிசைக் காய் ஒன்றைத் தூக்கி முன்னால் வையுங்கள், நூலையும் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள். உண்மையான போடோசோமின் ஆயுள் சில நிமிடங்கள்தான். பழையது கலைய, அதன் ஆக்டின் புதியதற்குப் பயன்படும்.

அவள் ஒரு காயை மட்டும் எடுக்காமல் விட்டுப் பார்த்தாள். மற்ற ஒன்பதும் முன்னே போய்விட, வட்டம் ஒரு பக்கம் வால்போல நீண்டு, நூல் அந்தக் காயில் மாட்டி இறுகியது. அதற்குமேல் அசையவில்லை. அவளே குனிந்து அந்தக் காயை எடுத்தாள்.