விண்டோஸை மறுபடி போட்ட பின் திறக்க மறுக்கும் ஃபைல்களை மீட்கும் முறை

கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் கணினி மந்தமானால் கடையில் கொடுத்து, சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் போட்டு வாங்குவதே வழக்கம். டி டிரைவில் வைத்த பட்டா, சிட்டா, பயிர்க்கடன் ரசீது ஆகியவற்றின் ஸ்கேன்கள் அழியாமல் இருக்கும். ஆனால் அவற்றை முன்பு, ஃபைல்களைத் தனித்தனியாகப் பூட்டும் விண்டோஸின் இ.எஃப்.எஸ். வசதியால் பூட்டியிருந்தால், திறக்கும்போது அனுமதி இல்லை என்ற செய்திதான் வரும்.

படி 1: எந்தப் பூட்டு என்று பாருங்கள்

ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், பிறகு ஜெனரல் தாவலில் உள்ள அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்துங்கள். கடைசி வரியான ‘என்கிரிப்ட்’ கட்டத்தில் டிக் இருந்தால் அது இ.எஃப்.எஸ். டிக் இல்லையென்றால் வெறும் அனுமதிச் சிக்கல். செக்யூரிட்டி தாவலில் உரிமையாளரை மாற்றினாலே தீர்ந்துவிடும். டிரைவ் முழுவதும் பூட்டப்பட்டு 48 இலக்க எண் கேட்டால் அது பிட்லாக்கர். அந்த எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடிப் பாருங்கள்.

இ.எஃப்.எஸ். பூட்டுக்கு உரிமையாளரை மாற்றுவது பயன்படாது. ஒவ்வொரு ஃபைலும் தனக்கென ஒரு சாவியால் பூட்டப்படுகிறது. அந்தச் சாவியை, உங்கள் கணக்குக்கென உள்ள டிஜிட்டல் சான்றிதழ் பூட்டுகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும், சான்றிதழுக்குரிய தனிச்சாவியோ சி டிரைவில், உங்கள் பழைய லாகின் கடவுச்சொல்லின் காவலில் இருந்தது. புது விண்டோஸில் அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் கொடுத்தாலும் அது வேறு கணக்குதான்.

படி 2: பி.எஃப்.எக்ஸ். ஃபைலைத் தேடுங்கள்

முதன்முதலில் பூட்டியபோதே சாவியை நகலெடுத்துக்கொள்ளும்படி விண்டோஸ் நினைவூட்டியிருக்கும். அப்போது சேமித்திருந்தால் பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ .பிஎஃப்எக்ஸ் என்று முடியும் ஃபைல் கிடைக்கும். அதை இரட்டைக் கிளிக் செய்து, ‘கரன்ட் யூசர்’ தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லைக் கொடுங்கள். இங்கே கேட்பது லாகின் கடவுச்சொல் அல்ல, நகலெடுத்த அன்று தனியாக வைத்தது. பலரும் தடுமாறும் இடம் இதுதான். சேமிக்கும் இடமாக ‘பர்சனல்’ என்பதைக் கொடுத்து முடித்தால் ஃபைல்கள் திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் அட்வான்ஸ்டு பெட்டியில் ‘டீட்டெயில்ஸ்’ அழுத்துங்கள்: அங்கே தெரியும் 40 குறிகள் கொண்ட தம்ப்பிரின்ட் (சான்றிதழின் அடையாளக் குறி), நீங்கள் ஏற்றிய சான்றிதழின் தம்ப்பிரின்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

படி 3: பழைய ப்ரொஃபைலைக் காப்பாற்றுங்கள்

பி.எஃப்.எக்ஸ். இல்லாதவர்கள் கணினியில் வேறெதையும் நிறுவாமல், சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டர் உள்ளதா என்று பாருங்கள். ஃபார்மட் செய்யாமல் விண்டோஸ் போட்டிருந்தால் அது இருக்கும். ஆனால் சுமார் 10 நாளில் தானாக நீக்கப்பட்டுவிடக்கூடும் என்பதால், அதிலுள்ள உங்கள் பழைய யூசர் ஃபோல்டரை உடனே வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்ற வரிசையில் உள்ளே போனால் கிரிப்டோ, ப்ரொடெக்ட், சிஸ்டம்சர்ட்டிஃபிகேட்ஸ் என்ற மூன்று ஃபோல்டர்கள் இருக்கும். மூன்றும் வேண்டும், பழைய லாகின் கடவுச்சொல்லும் வேண்டும். இவற்றைப் புதுக் கணக்கில் ஒட்டினால் மட்டும் வேலை நடக்காது, இ.எஃப்.எஸ். மீட்புக்கென்றே உள்ள மென்பொருளிடம் கொடுக்க வேண்டும்.

சி டிரைவ் முழுவதும் ஃபார்மட் ஆகியிருந்தால் கணினியை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து அழிந்த ஃபைல்களைத் தேடலாம். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. சாவி எங்குமே இல்லையென்றால் யாராலும் இந்த ஃபைல்களைத் திறக்க முடியாது. உடைத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம், ஒரே ஒரு ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

படி 4: திறந்த பின்

அதே அட்வான்ஸ்டு பெட்டியில் டிக்கை எடுத்து, உள் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து ‘அப்ளை’ கொடுங்கள். பூட்டு தொடர்ந்து வேண்டுமென்றால், சான்றிதழைத் தனிச்சாவியோடு பி.எஃப்.எக்ஸ். ஆக ஏற்றுமதி செய்து, கணினியோடு சேர்த்து வைக்காத ஒரு பென் டிரைவில் போட்டு, அதன் கடவுச்சொல்லை வேறிடத்தில் எழுதி வையுங்கள்.