நாடியைத் தொட்டுப் பார்த்து நடக்கத் தொடங்குங்கள்: இதயத்துக்கான உடற்பயிற்சி, முதல் நாளிலிருந்து

உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்று சொல்லாத ஆளில்லை. எப்படி நல்லது என்று கேட்டால்தான் பலருக்குப் பதில் தடுமாறுகிறது. அது புரியாததால்தான் பத்து நாளில் பயிற்சியை விட்டுவிடுகிறோம் என்பது என் எண்ணம். ஆகவே ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்கு நிமிடத்துக்கு 80 முறை நாடி துடிப்பதாக வைத்துக்கொள்வோம். சில மாதங்கள் ஒழுங்காக நடந்தபின் அது 70 ஆகக் குறைந்தால், ஒரு நாளைக்கு 14,400 துடிப்புகள் மிச்சம். நடக்கிற அரை மணி நேரத்தில் நாடி 115 வரை ஏறினாலும், இதயம் கூடுதலாகத் துடிப்பது ஆயிரத்துச் சொச்சம்தான். அரை மணி நேர உழைப்பு, மீதி நாள் முழுவதற்கும் இதயத்துக்கு ஓய்வு வாங்கித் தருகிறது. எல்லோருக்கும் இதே அளவு குறையாது. ஆனால் எண்ணம் இதுதான்.

ஏன் குறைகிறது? இதயமும் ஒரு தசை. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அது வெளியே தள்ளுகிறது. பழகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சற்று அதிக ரத்தத்தைத் தள்ளுவதால், அதே 5 லிட்டருக்குக் குறைந்த துடிப்புகள் போதும்.

ரத்தக்குழாய்களில் நடப்பது இன்னும் அழகானது. நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடிக் குழாயின் உட்சுவரை உரசுகிறது. அந்த உரசலை உணரும் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன; குழாய் தளர்ந்து விரிகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. இந்த வாயு ரத்த ஓட்டத்தில் ஆற்றும் பணியைக் கண்டறிந்ததற்கே 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒருமுறை நடந்ததால் இறங்கிய அழுத்தம் சில மணி நேரம்தான் அப்படியே இருக்கும். சர்க்கரையைக் கையாளும் திறனில் கிடைக்கும் முன்னேற்றமும் ஓரிரு நாளில் மங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க ஓடுவதைவிட வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தொடங்குமுன்

நெஞ்சு வலி, சிறு வேலைக்கே மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவை எப்போதாவது வந்திருந்தாலோ, இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நீரிழிவு இருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் படி: நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். அதற்கே துடிப்பு உண்டு என்பதால் எண்ணிக்கை குழம்பும். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும், தொட்டால் போதும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு சீராக இல்லாமல் விட்டு விட்டு வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலையில் கண் விழித்ததும், எழுந்து நடமாடுவதற்கு முன் எண்ணுவதே சரியான எண். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. மூன்று நாள் எண்ணிச் சராசரியை ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வையுங்கள். எடைக் கருவி காட்டாத முன்னேற்றத்தைக்கூட இந்த எண் காட்டிவிடும். நான் இன்றும் காலையில் முதலில் மணிக்கட்டைத்தான் தொடுகிறேன்.

இரண்டாம் படி: முதல் வாரம், பத்தே நிமிடம்

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிட நடை. அவ்வளவுதான். இன்னும் நடக்க முடியும் என்று தோன்றும், தோன்றட்டும். இதயம் சீக்கிரம் பழகிக்கொள்ளும், முழங்காலும் குதிகாலும் அப்படியல்ல. முதல் மூன்று நிமிடம் மெதுவாகத் தொடங்குங்கள். நிறுத்தும்போதும் சட்டென்று நிற்காதீர்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. திடீரென நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றக்கூடும்.

மூன்றாம் படி: சரியான வேகம்

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரு பாட்டின் இரண்டு வரியைத் தடையின்றிப் பாட முடிந்தால் வேகம் போதாது. நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

எண் வேண்டும் என்பவர்கள் 220லிருந்து வயதைக் கழியுங்கள். 50 வயதுக்காரருக்கு 170. அதில் பாதியிலிருந்து 70 விழுக்காடு வரை, அதாவது 85 முதல் 119 வரை, மிதமான பயிற்சி. இது தோராயக் கணக்குதான். ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. அந்த மருந்து நாடியை ஏறவிடாது. அவர்கள் பேச்சை வைத்தே வேகத்தை அளக்கலாம்.

நான்காம் படி: வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள்

இரண்டாம் வாரம் 15 நிமிடம், அடுத்து 20, பிறகு 25, ஐந்தாம் வாரம் 30. எந்த வாரமாவது சோர்வு மிஞ்சினால், அடுத்த வாரமும் அதே அளவில் நில்லுங்கள். ஐந்தாம் வாரத்தில் வாரக் கணக்கு 150 நிமிடம் ஆகிவிடும். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காவிட்டால் மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். மாடிப்படி ஏறுவதும் கணக்கில் சேரும். 1953இல் ஜெரெமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்கு பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நடத்துநர்கள் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போனவர்கள் அல்லர்; தங்கள் வேலையைத்தான் பார்த்தார்கள்.

ஐந்தாம் படி: தசைக்கு இரண்டு நாள்

ஆறாம் வாரத்திலிருந்து, வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் பத்துப் பத்து முறை போதும். மூச்சை அடக்காதீர்கள், அடக்கினால் ரத்த அழுத்தம் குபீரென்று ஏறும். சிரமப்பட்டு எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

இவை தோன்றினால் உடனே நிறுத்துங்கள்

நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல். வாயுத் தொல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவராதீர்கள். அங்கேயே உட்கார்ந்து உதவிக்கு அழையுங்கள், ஆம்புலன்ஸை வரவழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் மாரடைப்பு வருவதுண்டு.

இடையில் விட்டுப்போனால்

1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து சோதித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, முப்பது ஆண்டு மூப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கையே அவர்கள் உடலின் உழைக்கும் திறனை அதிகம் குறைத்திருந்தது தெரியவந்தது. ஆனால் படுக்கையை விட்டு எழுந்து பயிற்சி செய்ததும் அந்தத் திறன் அவர்களுக்குத் திரும்பியிருந்தது.

எனவே ஒரு வாரம் தவறினால் விட்ட இடத்திலேயே தொடருங்கள். இரண்டு மூன்று வாரம் தவறினால் பாதி நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள். காய்ச்சல் இருக்கும்போது நடைப்பயிற்சி வேண்டாம். சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையே தாக்கக்கூடியவை. காய்ச்சல் முழுதும் விட்டு, காலை நாடி உங்கள் நோட்டில் உள்ள பழைய எண்ணுக்குத் திரும்பும்வரை பொறுத்திருங்கள். அதன்பின் மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.