கையெழுத்துக்கு முன் படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்

இதய நாடி அடைப்புள்ளவர்களுக்கு ஒரு புதுக் குளிசையை ஆய்வுக்காகக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். கிளினிக்கில் கொடுத்த தடித்த சம்மதப் படிவத்தோடு அப்பா வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார். "டொக்டர் கேட்டவர், மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது பிள்ளை?" என்றார். மாட்டேன் என்றும் சொல்லலாம், சேர்ந்த பிறகு இடையில் விலகவும் செய்யலாம், அதனால் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. முதலில் அதைத்தான் அவருக்குப் புரியவைத்தேன்.

படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். பென்சிலோடு இருந்து, விளங்காத இடமெல்லாம் கோடு போடுங்கள். ஆய்வின் பதிவு இலக்கம் இருந்தால் இணையத்தில் தேடிப் பாருங்கள். இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருந்து ஆய்வுப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி இலக்கமும் படிவத்தில் இருக்க வேண்டும்.

பிறகு கேட்க வேண்டிய பெரிய கேள்வி: கடைசியில் எதை எண்ணப் போகிறார்கள்? சில ஆய்வுகள் ட்ரெட்மில்லில் நடக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் நெஞ்சு நோ வருகிறது, ஈசிஜி கோடு எப்போது 1 மில்லிமீற்றர் கீழே இறங்குகிறது என்று பார்க்கும். (3 நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும், செருப்போடு போகாதீர்கள்.) வேறு சில, மாரடைப்பையும் மரணத்தையும் எண்ணும். இரண்டும் ஒன்றல்ல. மாரடைப்பு வந்தவர்களின் தாறுமாறான துடிப்பை என்கெய்னைட், ஃப்ளெக்கெய்னைட் என்ற இரண்டு மருந்துகளும் ஈசிஜியில் அழகாக அடக்கின. ஆனால் 1989இல் காஸ்ட் (CAST) என்ற ஆய்வு காட்டியது வேறு: அவற்றை எடுத்தவர்கள்தான் பொய்க்குளிசை (மருந்தில்லாத, பார்க்க மருந்து போலவே இருக்கும் குளிசை) எடுத்தவர்களைவிட அதிகம் இறந்தார்கள்.

"எனக்குப் பொய்க்குளிசைதான் வந்தால்?" என்று அப்பா முகம் சுளித்தார். கொல்கிசின் கதையைச் சொன்னேன். கவுட் மூட்டுவலிக்குக் கொடுக்கும் பழைய மருந்து அது. 5,522 இதய நோயாளிகளிடம் சோதித்து 2020இல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பொய்க்குளிசைக்காரரில் 9.6 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 6.8. இந்தச் சின்ன இடைவெளியை ஒப்பிட ஆளில்லாமல் எப்படிக் காண்பது? அப்பாவின் படிவத்தில் அஸ்பிரினும் கொலஸ்ட்ரோல் குளிசையும் தொடரும் என்று எழுதியிருந்தது. உங்களுடையதிலும் அதைத் தேடுங்கள். ட்ரெட்மில்லுக்காக, இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டனோலோல் போன்ற குளிசைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் நெஞ்சு நோ கூடும், மாரடைப்பே வரலாம்.

சரி, அப்பா ஆய்வில் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த பிழை. ஒவ்வொரு முறை கிளினிக் போகும்போதும் குளிசைப் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், மிச்சக் குளிசையை எண்ணுவார்கள். அப்பா பதினொரு நாள் மறந்துவிட்டு, தாதி ஏசுவார் என்று பதினொன்றையும் சிங்க்கில் கொட்டிவிட்டார். ஒன்றும் தவறவில்லை என்று பதிவாகியது. எனக்குத் தெரியவந்ததும் தொலைபேசியில் சொன்னேன். தாதி ஏசவில்லை, தேதிகளை மட்டும் கேட்டுத் திருத்தினார். இப்போது போத்தலில் ரப்பர் பட்டி போட்டு ஒரு துண்டுத்தாள் செருகியிருக்கிறது. தவறிய நாளை அப்பாவே அதில் எழுதுகிறார், போன மாதம் இரண்டு.