கடன் கொப்பியும் கடை வாடகையும்: ஒப்பந்தத்தில் நாம் விடும் பிழைகள்

மருதமுனையில் நெய்த சாரன்களைக் கடனுக்கு அனுப்பிவிட்டு, "நம்மட ஆள்தானே, பெருநாளைக்குத் தந்திடுவார்" என்று இருப்பவர்கள் நிறையப் பேர். பெருநாள் வந்து போகும். அடுத்த பெருநாளும் போகும். பிறகுதான் சட்டத்தரணியைத் தேடி வருவார்கள். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

விற்றுக் கொடுத்த பொருளின் விலை, கடைக் கொப்பியில் உள்ள கடன், செய்த வேலைக்கான கூலி, இவற்றுக்கு வழக்குப் போட நம் இலங்கைச் சட்டம் தருவது ஒரே ஒரு வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் உண்டு. நீங்களே எழுதி வைத்த கொப்பி அந்த வகையில் சேராது. அதனால் வருடம் முடியுமுன் வாங்கியவரைக் கூப்பிட்டு, இன்ன திகதியில் இவ்வளவு பாக்கி என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கடனை ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிட்டால் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். கையொப்பம் கேட்பது அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். உறவு முறிவது பெரும்பாலும் பாக்கித் தொகை எவ்வளவு என்ற சண்டையில்தான்.

அடுத்தது கடை. கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ மூன்று வருடத்துக்கு ஒரு கடை எடுக்கிறீர்கள். பல இலட்சம் முற்பணம். ஒரு தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் சாட்சிக் கையொப்பம் போட்டாயிற்று. சரி, எல்லாம் முடிந்தது என்று தட்டு அடித்து, விளக்குப் போட்டு, சாமான் இறக்குகிறீர்கள். ஆறாம் மாதம் உரிமையாளரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து கடையைக் கேட்கிறார். முத்திரை உங்களைக் காப்பாற்றாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதி எழுதிச் சான்றுப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாத தாளை வைத்து மூன்று வருட உரிமையை நிலைநாட்ட முடியாது. நொத்தாரிசுக்கான செலவை மிச்சம் பிடிக்கப்போய் முற்பணத்துக்காக அலைபவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

பங்கு வியாபாரத்துக்கும் எழுத்து வேண்டும். போடும் மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டினாலே அதே சட்டம் எழுத்தைக் கேட்கிறது. இன்று எந்த அரிசி ஆலை, எந்தத் துணிக்கடை அந்தத் தொகைக்குள் நிற்கும்? மச்சானும் மச்சானும் வாய்ப்பேச்சில் தொடங்கிய கடையில் உங்கள் பங்கை வழக்காடிப் பெறுவது கடினம். ஆனால் கடன் கொடுத்த வெளியாள் உங்களையும் பங்காளி என்று சொல்லி வழக்குப் போட அந்தச் சட்டம் தடையாக இல்லை.

அப்புறம் பிணைக் கையொப்பம், அதாவது கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று போடும் கையொப்பம். "சும்மா சாட்சிக்குத்தான்" என்று நீட்டப்படும் தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வாசிக்காமல் போட்டாலும் கையொப்பம் பொதுவாக உங்களைக் கட்டும். உங்கள் பெயருக்கு மேலே சாட்சி என்று இருக்கிறதா, பிணையாளி என்று இருக்கிறதா என்பதையாவது கேளுங்கள். பிரதி ஒன்றை வாங்கி, ஒரு இரவு வீட்டில் வைத்து, மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு முழுவதும் வாசித்த பிறகு கையொப்பமிடுங்கள். அந்த ஒரு இரவைத் தர மறுப்பவரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.