ஆய்வேட்டுத் தலைப்பை நான் பிடித்த விதம்

பௌதிகவியல் இறுதியாண்டில் என் மனம் முதலில் போனது கருந்துளைகள் பக்கம். ஆனால் அதற்கான கணிதத்தைப் படித்து முடிக்கவே ஆண்டு போய்விடும். கையால் அளக்க எதுவும் மிஞ்சாது. எனக்கு அளக்கத்தான் ஆசை.

அதனால் கேள்வியை மாற்றினேன்: வந்தாறுமூலையில் எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருக்கிற கருவிகளைக் கொண்டு, மட்டக்களப்பில் வாசலிலேயே கிடைக்கிற எதை அளக்கலாம்? கடலோடு சேர்கிற வாவிதான்! கடல்நீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மாரியில் மழைவெள்ளம் சேரச் சேர வாவியின் உவர்ப்பு குறையும், கூடவே மின்கடத்துதிறனும், அதாவது தண்ணீர் மின்னோட்டத்தைக் கடத்தும் அளவும், குறையும். அதைத்தான் அளக்க நினைத்தேன்.

தலைப்பைக் கொடுக்க முன் ஒரு போத்தல் வாவித் தண்ணீரில் சோதித்தேன். இரண்டு உருக்குக் கம்பிகளை அமிழ்த்தி நேரோட்டம் (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்) கொடுத்தால் கம்பியில் குமிழி கட்டுகிறது, மீற்றர் வாசிப்பு நில்லாமல் நகர்கிறது. திசை மாறி மாறி ஓடும் 1 கிலோஹேர்ட்ஸ் ஆடலோட்டத்துக்கு மாற்றியதும் முள் அமர்ந்தது. அந்த நிம்மதி இருக்கிறதே! அப்புறம் வெப்பநிலை. ஒரு பாகை கூடினால் கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். காலைத் தண்ணீரையும் உச்சிவெயில் தண்ணீரையும் அப்படியே ஒப்பிட முடியாது. இந்த இரண்டு சிக்கலும் தனித்தனி அத்தியாயங்களாயின.

“முழு வாவியும் வேண்டாம், கல்லடிப் பாலத்தடியும் வலையிறவுப் பாலத்தடியும் போதும்” என்றார் மேற்பார்வையாளர் சேர். சரி என்று அன்றே தலைப்பைப் பதிந்தேன்.