கழிச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், கீழிமையைப் பாருங்கள்

மேய்ச்சல் ஆட்டுக்குப் பெரிய எமன், நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. 2, 3 செ.மீ. நீளம்தான். பெண் புழு ஒன்று நாளைக்கு 5,000 முட்டைகூட இடும். இந்தப் புழு மட்டும் இருந்தால் பெரும்பாலும் கழிச்சல் வராது. புழுக்கை உருண்டையாகவே விழும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும்போது ரத்தம் ஏற்கெனவே வற்றியிருக்கும்.

ரத்தம் குறைந்தால் கீழிமையின் உள்சதை வெளுக்கும். மழைக்காலத்தில் 2 வாரத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடி, கண்ணை மெல்ல உள்ளே அழுத்துங்கள். மற்ற கட்டைவிரலால் கீழிமையை இழுத்துவிட்டால் உள்சதை பிதுங்கும். அதன் நிறத்தைச் சட்டென்று பார்த்து விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் நிறம் மாறிவிடும். இரண்டு கண்ணும் பார்த்து, எது அதிகம் வெளுத்திருக்கிறதோ அதையே கணக்கில் எடுங்கள். தூசி பட்டுச் சிவந்த கண் ரத்தசோகையை மறைத்துவிடும்.

அந்த நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க, தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்ற வண்ண அட்டையில் 5 படிகள். 1, 2 சிவப்பு: புழு மருந்து வேண்டாம். 4, 5 வெளுப்பு: அன்றைக்கே மருந்து. 3-ஆம் படியில் குட்டி, சினை, பால் கொடுக்கும் ஆடு, மெலிந்தது என்றால் கொடுங்கள். ஈரல் தட்டைப்புழுவும் உண்ணியும்கூட ஆட்டை வெளுக்கவைக்கும், அதையும் பாருங்கள்.

மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். மருந்துக்குத் தப்பிய புழு மட்டுமே மிஞ்சிப் பெருகும். அடுத்த வருடம் அந்த மருந்து பச்சைத் தண்ணீர்தான். குத்துமதிப்பாகக் குறைத்து ஊற்றினாலும் அதே கதி. தராசில் நிறுத்து, வெள்ளாட்டுக்கு எவ்வளவு, செம்மறிக்கு எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பல மருந்துகளில் அளவு வேறு. சினையான முதல் மாதத்தில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கூடாது, குட்டி ஊனமாகும்.

ஊற்றும்போது தலையை அண்ணாந்து தூக்காதீர்கள். புரையேறி மருந்து நுரையீரலுக்குப் போகும். கடைவாய் வழியாகக் குழாயை நுழைத்து, நாக்கின் பின்பக்கம் நிதானமாக விடுங்கள்.

ஊற்றும் நாளிலும், 14 நாள் கழித்தும் அதே ஆடுகளின் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால், அளவும் சரியாக இருந்திருந்தால், அந்த மருந்து உங்கள் மந்தையில் வேலை செய்யவில்லை.

புழுக்குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடி 5 செ.மீ.க்குள்தான் இருக்கும். புல் 10 செ.மீ.க்குக் குறையும் முன்பே ஆடுகளை வேறு இடத்துக்கு ஓட்டிவிடுங்கள்.